பிரிவு 37

நைரோபி, கென்யா, 2024

ஜூன் 17
நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருக்கையில், மகன் அருகில் நின்று நிதி மசோதாவை வாசித்துக் காட்டினான். ரொட்டிக்கு 16 சதவீத வரி, சமையல் எண்ணெய்க்குத் தனி வரி, கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவில் பணம் அனுப்பும் கட்டணத்தின் மேல் இப்போதிருக்கும் 15 சதவீதம் 20 ஆகும். நாட்டின் கடன் 10 லட்சம் கோடி ஷில்லிங்கைத் தாண்டிவிட்டது. வசூலாகும் வரியில் பாதிக்கு மேல் அந்தக் கடனுக்கே போகிறது. இன்னும் 34,600 கோடி திரட்ட வேண்டுமாம். யார் எதற்கு வாங்கினார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படாத கடன், எங்கள் அடுப்படிக்கு வந்து கைநீட்டுகிறது. முனைத்துண்டை வழக்கம்போல் அவனே எடுத்துக்கொண்டான்.

ஜூன் 18
ரொட்டி வரியைக் கைவிட்டார்கள். எனக்கு அதுவே போதுமென்று தோன்றியது. அவனுக்குத் தோன்றவில்லை.

ஜூன் 20
மசோதா 204-க்கு 115 என்ற கணக்கில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. நகரின் நடுவே ஓர் இளைஞனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். என் மகன் கண்ணீர்ப்புகையில் கண்கள் சிவந்து, தோளில் ஈரமான தேசியக் கொடியோடு வந்தான். உள்ளங்கையில் நீலப் பேனாவால் 37 என்று எழுதியிருந்தான். ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் ஊர்வலம் போகவும் 2010 அரசியலமைப்பு உரிமை தரும் பிரிவு அது. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், அவன் கேட்கவில்லை.

ஜூன் 25
மசோதா 195-க்கு 106 என நிறைவேறியதும் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டார்கள், ஒரு பகுதி எரிந்தது, வெளியே சுட்டார்கள். கையில் தண்ணீர்ப் புட்டியும் கொடியும் வைத்திருந்த கூட்டத்தை நோக்கிச் சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இணையம் தடுமாறுகிறது, இராணுவத்தை இறக்கியிருக்கிறார்கள், அவன் தொலைபேசி மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. எடுக்காவிட்டாலும் மணி அடிக்கிறதே என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரவு பதினொன்றுக்குப் பிறகு மணியும் அடிக்கவில்லை.

ஜூன் 26
மசோதாவில் கையெழுத்திடப் போவதில்லை என்று அதிபர் ரூட்டோ அறிவித்தார். இதே சொல்லை ஒரே ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் இன்று பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்?

ஜூன் 28
வரவில்லை.

ஜூலை 1
இதுவரை 39 பேர் இறந்திருப்பதாகவும், காணாமலாக்கப்பட்டவர்கள் என்று 32 பேர் பதிவாகியிருப்பதாகவும் மனித உரிமை ஆணையம் சொல்கிறது. நான் மூன்று காவல் நிலையங்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போய் வந்துவிட்டேன். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. எண்பலகை இல்லாத காரில் யாரையோ ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாக அவன் நண்பன் சொல்கிறான், அது இவன்தானா என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த 32 பேருக்குள் என் மகன் இருக்கிறானா, அல்லது எந்தக் கணக்கிலும் சேராமல் வெளியே கிடக்கிறானா என்று இரவெல்லாம் இதே யோசனை. முதல் பட்டியலில் இருக்கக் கூடாது, இரண்டாவதில் இருந்தால் தேடவாவது செய்வார்கள் என்று என்னையறியாமல் வேண்டிக்கொள்கிறேன்.

ஜூலை 7
சபா சபா, சுவாஹிலியில் ஏழு-ஏழு, ஏழாம் மாதம் ஏழாம் நாள். 1990-இல் இதே நாளில் பலகட்சி ஆட்சி கேட்டுக் கமுகுஞ்சி மைதானத்துக்குப் போன அண்ணன் முழங்கால் உடைந்து திரும்பினார். இன்றும் நொண்டித்தான் நடக்கிறார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. இன்று அண்ணன் வந்து என்னருகில் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரொட்டி வாங்கி வந்திருந்தார். முனைத்துண்டை நாங்கள் இருவருமே தொடவில்லை.

ஜூலை 11
அமைச்சர்களை ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டார்கள். என் மகனை யாரிடம் கேட்பது?

ஜூலை 12
நகரின் முக்கூரு குடிசைப் பகுதியில் குப்பை கொட்டும் கல்குழியிலிருந்து சாக்குகளில் கட்டிய உடல்களை எடுத்திருக்கிறார்கள். எல்லாம் பெண்களின் உடல்கள் என்று செய்தியில் சொன்னபோது எனக்கு மூச்சு திரும்பியது. அந்தப் பெண்களைப் பெற்றவர்களின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? குழியை இன்னும் முழுதாகத் தேடி முடிக்கவில்லையாம். நாளைக் காலை அங்கே போகலாம் என்கிறார் அண்ணன். நீலப் பேனா மை தண்ணீரில் எத்தனை நாள் இருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.