தாமிரபரணிக் கால்வாய்த் தளத்துக்குத் தானியங்கிச் சோதனை: இதுவரை

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள், பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு சின்ன இணையதளம் ஓய்வு நேரத்தில் செய்து வருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்து நிரல் எழுதுவது நான். தரவு ஏற்றுவது சேரன்மகாதேவியில் இருக்கும் ஓர் அண்ணாச்சி. இரண்டு பேர் கை வைக்கிற இடம். எந்த மாற்றமும் தளத்துக்குப் போகுமுன் தானாகவே சோதனையாகிவிட வேண்டும் என்றுதான் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன் அமைத்தேன்.

அமைப்பது எளிது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவை பொது ரெப்போவுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பிடம்) இலவசம். வொர்க்ஃப்ளோ ஃபோல்டரில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு யாமல் ஃபைல் போட்டால் போதும்; மாற்றத்தை ஏற்றும்போதும் (புஷ்), சேர்க்கச் சொல்லி ஒரு மாற்றம் வரும்போதும் (புல் ரிக்வெஸ்ட்) புதிதாக ஓர் உபுண்டு மெஷின் (ரன்னர்) கிளம்பி, நிரலை இறக்கி, நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) நிறுவி, டெஸ்ட்களை ஓட்டும். தேவையான தொகுப்புகளை நிறுவ அங்கே ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ போடுங்கள். லாக் ஃபைலில் குறித்துவைத்த தொகுப்புப் பதிப்புகளையே அது எடுக்கும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

என்ன டெஸ்ட் எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டன் அமுங்குகிறதா என்று பார்க்க எல்லா டுடோரியலும் சொல்லித்தரும். நம் தரவுக்கும் நம் எழுத்துக்கும் உரிய டெஸ்ட்களை நாம்தான் எழுத வேண்டும். முதலில் நீர்மட்டம்: அதிகபட்சம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதற்கு மேல் எண் வந்தால் டெஸ்ட் சிவப்பு. புள்ளி விட்டுப்போய் 98.45 என்பது 9845 ஆனால் வாசல் தாண்டாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. தேடல் பெட்டியில் ‘கோடகன்’ என்று அடித்தால் எதுவும் வரவில்லை. கீழே கால்வாய்ப் பட்டியலில் கோடகன் கால் கண்ணெதிரே இருக்கிறது. தோண்டிப் பார்த்தால், அந்த ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ஏகாரக் குறி, துணைக்கால் (ா) என இரண்டு குறியீடாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீளம் கேட்டால் ஒன்று 6 என்கிறது, மற்றது 7. பழைய ஆவணத்திலிருந்து எழுத்துரு மாற்றி ஒட்டிய வரிகளில் இந்தப் பிரிந்த வடிவம்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி முறைக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) நார்மலைஸ் செய்து, மூலத்தோடு ஒப்பிட்டு, மாறினால் எந்த ஃபைல், எந்த வரி என்று டெஸ்ட் சொல்லிவிடும். தேடுபவர் அடிப்பதையும் அதே முறைக்கு மாற்றிவிட்டுத்தான் தேடுகிறோம். தமிழில் தளம் நடத்தும் எல்லோரும் இந்த ஒரு டெஸ்ட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளேரைட் என்ற உலாவிச் சோதனைக் கருவியை வைத்துப் பக்கங்களைப் படம் எடுத்து ஒப்பிடுவதும் ஓடுகிறது. விண்டோஸில் ஓர் எழுத்துரு, லினக்ஸில் வேறொன்று என்றால் படங்கள் ஒருபோதும் பொருந்தாது. அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தளத்தோடே சேர்த்துவிட்டு, ஒப்பிடும் மூலப் படங்களையும் ரன்னரிலேயே எடுத்தேன். ‘மருதூர் மேலக்கால்’ சின்ன போன் திரையில் பெட்டிக்கு வெளியே வழிவதை அதுதான் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் நேரம். ‘எதிர்காலத் தேதி கூடாது’ என்ற டெஸ்ட், அண்ணாச்சி விடியுமுன் ஏற்றினால் மட்டும் விழுந்தது. இங்கே காலை 5 மணி என்றால் ரன்னரின் யுடிசி (உலகப் பொது நேரம்) கடிகாரத்தில் முந்தைய நாள் இரவு 11.30. வொர்க்ஃப்ளோவில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரியில் வைத்ததும் சரியாகிவிட்டது.

டெஸ்ட் பச்சையானால்தான் வெளியிடும் ஜாப் கிளம்பும். டெஸ்ட் பச்சையாகாமல் எதுவும் சேராதபடி மெயின் கிளையையும் பூட்டியாயிற்று. “போனிலேயே திருத்தி அனுப்புதேன், பச்சை டிக் வந்தா சரிதான?” என்று அண்ணாச்சி கேட்டார். அவ்வளவுதான் அண்ணாச்சி என்றேன்.

அடுத்து, செத்த இணைப்புகளைத் தேடும் வாராந்தர ஓட்டம். ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் கிரானும் இயல்பாக யுடிசிதான், ஆகவே நம் காலை 6 மணிக்கு 0.30 என்று எழுத வேண்டும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் இந்த அட்டவணை ஓட்டத்தை கிட்ஹப் நிறுத்திவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.