‘வில் பி’ எனக்குப் பிடிபட்ட விதம்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு ஓரளவு நல்ல ஆங்கிலம் தெரியும் என்றே நம்பியிருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்றிருந்தேன். எதிர்காலத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் பியூச்சர் கன்டினியூஸ் என்றால் முதலில் எழுவாய், அடுத்து ‘வில் பி’, அதன் பின் ‘ஐஎன்ஜி’ சேர்ந்த வினை என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். ஆயினும் வாழைச்சேனைப் புகையிரத நிலையத்தில் வந்து இறங்கவிருந்த ஒரு விருந்தினருக்கு நான் அனுப்பிய முதற் செய்தியிலேயே ‘அவர் டிரைவர் வில் வெயிட்டிங்’ என்று எழுதினேன். மேற்பார்வையாளர் விடுபட்ட ‘பி’யைச் சுட்டிக்காட்டினார். அடுத்த வாரமும் அதே பிழையை விட்டேன்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். விடுமுறை நாளொன்றில் அவரிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் இலக்கணப் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. ‘காத்துக்கொண்டிருப்பார்’ என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, “இதை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க, மகள்” என்றார். ‘காத்துக்கொண்டு’, ‘இருப்பார்’ என்று பிரித்தேன். முதற் பாதி ‘வெயிட்டிங்’. இரண்டாம் பாதி ‘வில் பி’. தமிழில் பின்னால் நிற்கும் ‘இரு’ என்ற வினைதான் ஆங்கிலத்தில் முன்னால் வந்து ‘பி’யாக நிற்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். தமிழில் அது ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு வருவதால் அதற்குள் ‘இரு’ என்று தனி வினை ஒன்று நிற்பதை நான் கவனித்ததேயில்லை. ‘பி’யை விட்டுவிட்டால் ‘காத்துக்கொண்டு’ என்று சொல்லி வாயை மூடிக்கொண்டதற்குச் சமம் என்று ரீச்சர் சொன்ன பிறகு அந்தப் பிழை என்னிடம் திரும்பி வரவில்லை. கேள்வியில் ‘வில்’ மட்டும் எழுவாய்க்கு முன்னால் நகரும் என்பதும், எதிர்மறையில் ‘வில் நொட் பி’, பேச்சில் ‘வோன்ட் பி’ என்று வரும் என்பதும் அதன்பின் சிரமம் தரவில்லை.

தமிழ் கைகொடுத்தது போலவே சில இடங்களில் என்னை வழிதவறவும் செய்தது. ‘நீங்கள் வரும்போது நான் சமைத்துக்கொண்டிருப்பேன்’ என்பதில் ‘வரும்’ என்பதும் எதிர்காலமாகத் தெரிவதால், ‘வென் யூ வில் கம்’ என்று எழுதிவந்தேன். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட ‘வென்’ தொடருக்குள் ‘வில்’ வராது. ‘வென் யூ கம், ஐ வில் பி குக்கிங்’ என்பதே சரி. இதைவிட ஆழமான பிழை வேறொன்று. என் அம்மம்மாவைப் பற்றி ரீச்சர் ஒரு பந்தி எழுதச் சொன்னார். ‘நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அம்மம்மா விடியும் முன்பே முற்றம் கூட்டிக்கொண்டிருப்பா’ என்று மனத்தில் ஓடியதை அப்படியே ‘ஷீ வில் பி ஸ்வீப்பிங்’ என்று எழுதிவிட்டேன். கடந்துபோன வழக்கத்தைச் சொல்லவும் தமிழ் எதிர்கால வடிவத்தைத் தாராளமாகக் கையாளும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘வுட் பி’ வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ கட்டுரைகளில் சிவப்பு மைக்கோடு விழுந்திருக்காது என்று இன்றும் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ஹோட்டல் வேலைக்கு எனக்கு மிகவும் பயன்பட்டது கேள்வி வடிவம்தான். ‘வில் யூ ஹாவ் டின்னர் ஹியர்?’ என்று கேட்டால், சாப்பிடச் சொல்லி அழைப்பதாகவோ உடனே முடிவு சொல்லும்படி வற்புறுத்துவதாகவோ விருந்தினர் எடுத்துக்கொள்ளலாம். ‘வில் யூ பி ஹாவிங் டின்னர் ஹியர்?’ என்றால், அவர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு எதுவோ அதை மட்டும் விசாரிப்பதாக ஆகும். இல்லை என்று சொல்வதும் அவருக்கு எளிதாகிறது. இந்த இடத்தில் ‘சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்களா’ என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. நாங்கள் ‘இரவுச் சாப்பாடு இங்கே எடுப்பதாக உத்தேசமா?’ என்போம். ஆகவே ‘வில் யூ பி’ என்று தொடங்கும்போது ‘உத்தேசமா’ என்ற சொல்லையே மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகினேன். ‘வில் யூ பி லீவிங் டுமோரோ?’ என்பதற்கு ‘நாளைக்குப் புறப்படுவதாக உத்தேசமா?’ என்பது பொருத்தமாக வந்து விழுந்தது. மரியாதைக்கு என்று தனியாக ஒரு சொல்லும் சேர்க்காமல் வினைவடிவத்தாலேயே மரியாதை காட்ட முடிகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

‘தெரியும்’ என்ற பொருள் தரும் ‘நோ’, ‘வேண்டும்’ என்ற பொருள் தரும் ‘வோன்ட்’ போன்ற வினைகள் பொதுவாக இந்த வடிவத்தை ஏற்பதில்லை என்ற விதியை நான் பாடமாக்கவே தேவைப்படவில்லை; ‘தெரிந்துகொண்டிருப்பேன்’, ‘வேண்டிக்கொண்டிருப்பேன்’ என்று அந்தப் பொருளில் நாங்களும் சொல்வதில்லை.

கடைசியாகக் கற்றது எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. கொழும்பிலிருந்து உதயதேவி புகையிரதத்தில் வரும் நண்பரை அழைத்துச்செல்வதற்காக ஒரு விருந்தினர் புறப்பட்டு நின்றுகொண்டு, புகையிரதம் எங்கே வருகிறது என்று கேட்டார். நேரத்தைப் பார்த்தேன். ‘இந்நேரம் புனானையைத் தாண்டிக்கொண்டிருக்கும்’ என்று தமிழில் தோன்றியது. கண்ணால் காணாததை, இந்த நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துச் சொல்ல இரண்டு மொழிகளும் எதிர்கால வடிவத்தையே கையாளுகின்றன என்று ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். ஆகவே ஒரு சொல்லையும் மாற்ற யோசிக்காமல் ‘இட் வில் பி பாசிங் புனானை நவ்’ என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, வாழைச்சேனைக்குப் போக வாகனத்தில் ஏறினார்.