கோல குபு பாருவின் மலையாறுகள்

நீலகிரியில் டிரௌட் மீன் பிடித்து வளர்ந்த எனக்கு, திருமணமாகி மலேசியாவின் கோல குபு பாருவுக்கு வந்தபின் முதலில் பழகிப்போனவை இங்குள்ள ஆறுகள்தான். அவலாஞ்சியில் 1907-இல் அமைந்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியே எங்கள் மலையோடைகளில் நிலைகொண்ட வானவில் டிரௌட்டுக்கு, 20 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர்ந்த நீர் வேண்டும். ஃபிரேசர் மலைப் பக்கமிருந்து இறங்கும் இந்த ஆறுகளில் அந்தக் குளிர்ச்சி இல்லை, ஆகவே டிரௌட்டும் இல்லை. ஆனாலும் வேக நீரில் வாழும் மீன் எங்கும் ஓட்டத்தை எதிர்த்தே தலைவைத்து, பாறைக்குப் பின்னால் நீர் தளரும் இடத்தில் நின்று, அருகே அடித்துவரப்படும் இரையைப் பாய்ந்து கவ்வும். ஆகையால் கீழ்ப்பக்கமிருந்து, அதன் வால்புறமாக நெருங்கித் தூண்டில் வீச வேண்டும் என்று அப்பா கற்றுத்தந்தது இங்கும் உதவியது.

மற்றதெல்லாம் மாமா சொல்லிக்கொடுத்தது. பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் சீவியும், பின்னர் செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டியும் தோட்டத்திலேயே உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். நம் காவிரி மாசீர் மீனின் உறவான கெலா, கரைமரங்களிலிருந்து விழும் பழங்களைத் தின்பதால், நன்கு பழுத்த செம்பனைப் பழத்தையே முள்ளில் கோத்து ஓட்டத்தில் விடுவார். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியையே பார்த்துப் பழகிய எனக்கு அது பெரும் வியப்பு. செபராவ் வேறு வகை: வெள்ளி உடலின் நடுவே குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால், தூண்டிலில் கட்டி இழுக்கையில் நீரில் மின்னியோடும் கரண்டித் தகட்டைத் துரத்திவந்து அடிக்கும். முள் அதிகமென்றாலும் அத்தை வைக்கும் புளிக்குழம்புக்கு அதுவே ஏற்றது.

மாமா கண்டிப்பாக இருப்பது ஒன்றில் மட்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். இதை மலாயில் ‘கெப்பாலா ஆயேர்’ என்பார்கள். தெளிந்த நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்துவரத் தொடங்கினால், “மீன் நாளைக்கும் இருக்கும்மா, மேலே ஏறு” என்று குரல் கொடுத்துவிடுவார். 1883-இல் அணை உடைந்து வந்த வெள்ளம் பழைய கோல குபுவைச் சூறையாடிய ஊரில் இந்த எச்சரிக்கை மிகையே அல்ல.

சிலிங் ஆற்றில் நாங்கள் தூண்டில் போடுவதில்லை. அது மீன்வளத் துறையின் மீன் காப்பிடம். அங்கே இடுப்பளவு நீரில் கெலாக்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கும்போது, அந்தத் தடை இன்னும் பல ஆறுகளுக்கு வர வேண்டும் என்றே விரும்புகிறேன். மற்ற இடங்களில் அகப்படும் சிறிய கெலாவை, ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்தைப் பார்க்கும்படி நீரில் தாங்கி, அது தானாக நீந்தும்வரை பொறுத்திருந்தே விடுகிறோம்.