சேரும் ஐந்தாவது உதையும்

எங்கள் கல்லூரியில் உதைபந்தாட்டம் பழக்கிய சேரைப் பற்றி இந்த மலரில் பலரும் எழுதுவார்கள். அவருடைய புவியியல் பாடம், வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, காலை ஐந்தரைக்கு ஊதும் விசில், ஒன்றையும் விடமாட்டார்கள். நான் ஓர் இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1994 யூலை 18, திங்கட்கிழமை விடியப்புறம். அன்று சேரின் முற்றத்தில் இருந்தவர்களில் இன்று ஊரில் இருப்பவர்கள் மிகக் குறைவு. மிச்சப் பேர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று சிதறிவிட்டோம். இந்த வருசம் சேரும் போய்விட்டார். எழுதி வைக்காவிட்டால் அந்த இரவு எங்களோடு முடிந்துபோகும்.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கல்லூரி இடம்பெயர்ந்து, இன்னொரு பள்ளிக்கூடத்தில் பின்நேரம் நடந்த காலம். நம் மைதானம் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இரவல் மைதானத்தில், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வருமுன், விடிய எழும்பிப் போய்ப் பயிற்சி எடுப்போம். பூட்ஸ் எல்லோருக்கும் இல்லை. பந்தின் தையல் விட்டுப்போனால் சேரே ஊசியும் நூலும் எடுத்துவந்து வேப்பமரத்தடியில் இருந்து தைப்பார். அப்படியிருந்தும் அந்த வருசம் அரையிறுதி வரைக்கும் வந்தோம். அதற்குக் காரணம் எங்கள் பத்தாம் இலக்கம். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், எழுதவில்லை. எங்கள் பிரிவுக்காரருக்கு ஆளைத் தெரியும்.

அரையிறுதி ஒன்றுக்கொன்று என்று முடிந்து பெனால்ரிக்குப் போனது. ஐந்தாவது உதை அவனுடையது. பந்து கம்பத்துக்கு மேலால் போய்ப் பனங்கூடலுக்குள் விழுந்தது. அதோடு முடிந்திருந்தால் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். அடுத்த நாள் பிரார்த்தனைக்கு வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் அவனை மேடைக்குக் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சேர்ட்டைச் சரிசெய்துகொண்டு ஏறினான். "தம்பி, கோல் போஸ்ற் மேல கிடக்கோ கீழ கிடக்கோ எண்டு உமக்கு ஆரும் சொல்லித் தரேல்லையோ?" என்று அவர் ஒலிபெருக்கியில் கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதிலேயே நின்றான். இறங்குவதா நிற்பதா என்று தெரியவில்லை அவனுக்கு.

சேர் ஆசிரியர் வரிசையில் இருந்து எழும்பி நடந்துபோய், மேடையில் ஏறி, அவன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒருவரை மேடையில் விட்டுவிட்டு இறங்குவதென்றால் என்ன என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. வகுப்புக்கு வருவான், கடைசி வாங்கில் இருப்பான், மணி அடித்தால் போய்விடுவான். சேர் பின்நேரங்களில் அவன் வீட்டுக்குச் சைக்கிளில் போவார். பந்துக் கதை எடுக்கமாட்டாராம். அவன் ஐயாவோடு தோட்டம், வெங்காயம், தண்ணீர் இறைப்பு என்று கதைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்து வருவாராம். இதை அவன் அம்மா பிறகொரு நாள் சொன்னார்.

அப்படி இருக்கையில்தான் உலகக் கிண்ண இறுதி வந்தது. பிரேசிலும் இத்தாலியும். 1990 யூனில் போன மின்சாரம் திரும்பி வரவில்லை. பற்றரி அரசின் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் கீழே இறக்கித்தான் படிப்போம். போட்டி கலிபோர்னியாவில் பசடீனா என்ற இடத்தில் ஞாயிறு மத்தியானம் 12.30க்கு என்று சேர் சொல்லி, அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் எத்தனை மணி என்று வகுப்பிலேயே கணக்குப் பார்க்க விட்டார். நெட்டாங்கு, கோடைகால நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்து விடியப்புறம் ஒரு மணி என்று சொன்னவர்களை மட்டும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். கடைசியில் விடை தெரியாதவர்களும் வந்தார்கள். அவனையும் தானே போய் அழைத்து வந்தார்.

சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்தோம். பெடலைக் கையால் சுற்றினால் பின் சில்லு ஓடும், ரயரில் டைனமோவின் தலை உரசும், வயர் நான்கு டயோட்டுக்குள்ளால் போய்ப் பழைய நஷனல் பனசோனிக் றேடியோவுக்குள் ஏறும். றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் செய்து கொடுத்த வேலை அது. ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் குரல் கீழே இறங்கி முனகலாகிவிடும். சிற்றலையில் பிபிசி ஆங்கில வர்ணனை கரைந்தும் கூடியும் வந்தது. சோளகக் காற்று வேறு பனை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. விளங்காததைச் சேர் தமிழில் சொல்வார். முறை வைத்துச் சுற்றினோம்.

முக்கால்வாசிப் பேர் பிரேசில் பக்கம். சேரும்தான். 1982இல் பார்சலோனாவில் இத்தாலியின் ரோசி மூன்று கோல் போட்டுப் பிரேசிலை வெளியேற்றியதைப் பன்னிரண்டு வருசமாக அவர் மறக்கவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழில் வந்த பிரேசில் வீரர் சீக்கோவின் படம் அவர் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறோம். இத்தாலிப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அணியின் பத்தாம் இலக்கம் பஜ்ஜோவுக்காக இருந்தவர்கள். இருக்கத்தானே வேண்டும். நைஜீரியாவோடு வெளியேறப் போகிற நேரம், 88ஆவது நிமிசம், அவன்தான் சமப்படுத்தினான். மேலதிக நேரத்தில் வெல்ல வைத்ததும் அவன். ஸ்பெயினோடு திரும்பவும் 88ஆவது நிமிசம். அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு கோல். அந்த இத்தாலியை இறுதி வரைக்கும் தோளில் தூக்கி வந்தவன் அவன். எங்கள் பத்தாம் இலக்கமும் அந்தப் பக்கம்தான்.

90 நிமிசம் கோல் இல்லை. ஒருமுறை பிரேசிலின் மவுரோ சில்வா தூரத்தில் இருந்து அடித்த பந்து இத்தாலிக் கோல்காப்பாளர் பல்யூகாவின் கையில் இருந்து நழுவி, கம்பத்தில் பட்டுத் திரும்பி அவர் கைக்கே வந்தது. அவர் அந்தக் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தார் என்று சேர் மொழிபெயர்த்துச் சொன்னபோது முற்றமே சிரித்தது. மேலதிக நேரத்திலும் கோல் இல்லை. உலகக் கிண்ண இறுதி ஒன்று முதல்முறையாகப் பெனால்ரிக்குப் போனது. அந்த நேரம் பார்த்துப் பெடல் முறை அவனுக்கு வந்தது. தான் சுற்றுகிறேன் என்று இன்னொருவன் கையை நீட்டினான். அவன் கொடுக்கவில்லை.

முதலில் இத்தாலியின் பரேசி மேலால் அடித்தார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமை சற்றுக் கடந்த நிலையில் 120 நிமிசம் ஓடிய மனிதர். பிரேசிலின் மார்சியோ சாந்தோஸின் உதையைப் பல்யூகா பிடித்தார். பிறகு அல்பெர்தினி, ரொமாரியோ, எவானி, பிராங்கோ, எல்லாம் கோல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் துள்ளும், மறு பக்கம் தலையில் கை வைக்கும். இத்தாலியின் மசாரோவின் உதையைப் பிரேசில் கோல்காப்பாளர் டஃபரேல் தடுத்தார். டுங்கா அடித்தார். பிரேசில் மூன்று, இத்தாலி இரண்டு. ஐந்தாவதுக்குப் பஜ்ஜோ வருகிறார் என்று றேடியோ சொன்னது.

அதோடு றேடியோ நின்றது.

அவன் கை நின்றுவிட்டது. சில்லு மட்டும் கொஞ்சம் ஓடி அதுவும் நின்றது. "டேய் சுத்தடா!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். பெடலைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முழங்கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒருவன் அவனைத் தள்ளிவிட்டுப் பெடலைப் பிடிக்கப் போனான். சேர் அந்தத் தள்ளியவனைத் தடுத்தார். தானே நிலத்தில் குந்தி, பத்தாம் இலக்கத்தின் கைக்கு மேலே தன் கையை வைத்து மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். இரண்டு கையும் சேர்ந்து சுற்றின. கரகரவென்று முதலில் சனத்தின் இரைச்சல்தான் வந்தது. யாருடைய இரைச்சல் என்று விளங்கவில்லை. கோலா, இல்லையா? பிறகு "பிரேசில்" என்ற சொல் தெளிவாகக் கேட்டது.

24 வருசத்துக்குப் பிறகு பிரேசில்! முற்றத்தில் நாங்கள் போட்ட சத்தத்தில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் எழும்பின. பக்கத்து வளவு ஆச்சி ஷெல்தான் விழப்போகிறது என்று நினைத்துப் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டார். சேர் வேலியோரம் போய், "ஒண்டுமில்லையணை, பந்து விளையாட்டு" என்று கூப்பிட்டுச் சொல்லி, பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் திரும்பினார். பன்னிரண்டு வருசம் காத்திருந்த மனிதர், பிரேசில் வென்றதற்கு ஒருமுறை கூடக் கத்தவில்லை.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தரைக்கு மைதானத்தில் விசில் ஊதியது. அவனும் வந்தான். சேர் எங்களை இருத்திவிட்டு, ஒரு தடியால் புழுதியில் பெயர்களை எழுதினார். பரேசி, மசாரோ, பஜ்ஜோ.

"எத்தினை பேர் விட்டது?"

"மூண்டு பேர் சேர்."

"பஜ்ஜோ அடிச்சிருந்தா இத்தாலி வெண்டிருக்குமோ?"

யோசித்தோம். மூன்றுக்கு மூன்று ஆகியிருக்கும். பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மிச்சம் இருந்தது. "இல்லை சேர்."

"இனிமேல் ஆரின்ர பேரைச் சொல்லுவினம்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சேர் அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. எங்களைத்தான் பார்த்தார். மேடையில் அவன் நின்றபோது எங்கள் வரிசையும் சிரித்தது என்று அவருக்குத் தெரியும். அந்த அரையிறுதியில் பெனால்ரி விட்ட இன்னொருவனும், முதல் பாதியில் ஆளில்லாத கோலுக்கு வெளியே அடித்தவனும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தார்கள். தடியைப் போட்டுவிட்டு, "சரி, ஓடுங்கோ" என்றார். ஓடினோம்.

அடுத்த வருசம் ஒக்ரோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தது. அந்தச் சனத்துக்குள் சேரை ஒருமுறை கண்டேன். சைக்கிளில் இரண்டு பக்கமும் பை, கரியரில் றேடியோ, தோளில் பந்து வலை. பிறகு நான் கொழும்பு, அங்கிருந்து கனடா. ஐயாவும் அம்மாவும் அனுப்பினார்கள், வந்தேன். வந்திருக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். என் பிள்ளைகள் இங்கே புல் விரித்த மைதானத்தில் பயமில்லாமல் விளையாடி வளர்ந்ததைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பத்தாம் இலக்கம் போகவில்லை. சாவகச்சேரி, கிளிநொச்சி, வன்னி என்று அலைந்து, எல்லாம் முடிந்து, திரும்பி ஊருக்கே வந்து நம் கல்லூரியில் பயிற்றுநராக நின்றான். சேரின் கடைசி வருசங்களில் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போனது அவன். அந்த இடத்தில் நானும் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு வயது போகப் போகக் கூடிக்கொண்டுதான் வருகிறது.

பஜ்ஜோவின் அந்த உதையை நான் கண்ணால் பார்த்தது ரொறன்ரோ வந்த பிறகு. இடுப்பில் கை வைத்துத் தலை குனிந்து நிற்கிறார், பின்னால் டஃபரேல் முழங்காலில் விழுந்து வானத்தைப் பார்க்கிறார். 2006இல் இத்தாலி பெனால்ரியில் வென்ற அன்று செயின்ற் கிளெயர் வீதி முழுக்கக் கொடி. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு முதியவர் 94ஆம் ஆண்டு நீல ஜேர்சி போட்டிருந்தார், முதுகில் பத்து. எனக்குத் தெரியாத அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

சேரோடு கடைசியாக நீண்ட நேரம் கதைத்தது 2022 டிசம்பர் 18. ஸ்காபரோவில் சங்கத்து ஆட்கள் காலை பத்து மணிக்கே கூடியிருந்தோம், வெளியே குளிர். உலகக் கிண்ண இறுதி, ஆர்ஜென்ரீனாவும் பிரான்சும். மெஸி, எம்பாப்பே, மூன்றுக்கு மூன்று, திரும்பவும் பெனால்ரி. ஆர்ஜென்ரீனா வென்றதும் மண்டபத்தில் நடந்த ஆட்டத்தை அங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான் வெளியே வந்து போன் எடுத்தேன். அங்கே இரவு பதினொன்றரை. சேருக்கு அப்போது கண் பார்வை மங்கியிருந்தது. மகள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறார். மெஸியைப் பற்றிக் கதைப்பார் என்று நினைத்தேன்.

"தம்பி, பிரான்சுக்குப் பெனால்ரி விட்ட அந்தச் சுவாமெனி எண்ட பெடியனுக்கு என்ன வயது?"

"இருபத்திரண்டு சேர்."

"வெளியால அடிச்சிட்டு வரேக்க ஆரும் கிட்டப் போனவையோ? பிள்ளைக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்லை."

போனார்கள் என்று சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் அவன்.

சேரின் பெயரில் 17 வயதுப் பிரிவுக்குக் கிண்ணம் ஒன்று வைக்க நம் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. சந்தோசம். இதைச் சொல்ல அவனுக்குப் போன் எடுத்தபோது அவன் கேட்டது ஒன்றுதான். அதைச் செயற்குழு குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்கே அச்சில் போடுகிறேன். கிண்ணத்தை மேடையில் வைத்துக் கொடுங்கோ, பேச்சு எவ்வளவும் பேசுங்கோ. தோற்ற அணிப் பிள்ளைகளை மட்டும் மேடைக்குக் கூப்பிட வேண்டாம். பதக்கம் இருந்தால் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய்க் கையில் கொடுங்கோ.