ஹாம்ஸ்டர் மாடல்: வைரஸ் ஸ்டாக்கைச் சோதிக்காமல் விலங்கைத் தொடாதீர்கள்

கொரோனா வைரஸுக்கு ஹாம்ஸ்டர் மாடல் ஒன்றை, அதாவது எலி போன்ற அந்தச் சிறு விலங்கில் நோயை உண்டாக்கி ஆராயும் முறையை, எங்கள் லேபில் ஒருவழியாக நிலைநிறுத்திவிட்டோம். நிம்மதிதான். ஆனால் முதல் தொகுதி விலங்குகள் அத்தனையும் வீணாகச் செத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அது நேரக் கூடாது.

எந்த விலங்கு என்பதில் குழப்பம் இருக்கவில்லை. தொடக்ககால வைரஸ் சாதாரண எலியின் ஏசிஇ2 ஏற்பியில் (செல்லுக்குள் நுழைய வைரஸ் பிடித்துக்கொள்ளும் புரதம்) சரியாக ஒட்டாது. மனித ஏற்பி புகுத்திய கே18 எலிகள் முதல் சார்ஸ் வைரஸுக்காக 2007-லேயே வந்துவிட்டன. ஆனால் அவற்றில் வைரஸ் மூளைக்கும் ஏறிவிடும், சாவுக்குக் காரணம் நுரையீரலா மூளையா என்று பிரிப்பது கஷ்டம். சிரியன் ஹாம்ஸ்டருக்கு மரபணு மாற்றமே வேண்டாம். மூக்கில் விட்டால் நிமோனியா வரும், ஆறேழு நாளில் எடை நன்றாக இறங்கும், இரண்டு வாரத்தில் தேறிவிடும்.

அனுமதிதான் முதல் இழுபறி. உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் எங்கே என்று விலங்கு நெறிமுறைக் குழு கேட்டது. நெறிமுறைக் குழு ஏற்ற திட்டத்தைக் கொண்டு வாருங்கள் என்று பாதுகாப்புக் குழு திருப்பி அனுப்பியது. இரு தரப்புச் செயலர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. யாருடைய ஒப்புதல் முதலில் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எடை 20 சதவீதம் குறைந்தால் கருணைக்கொலை என்று எழுதியிருந்தோம். விடுமுறை நாளில் யார் எடை பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பெயர் பட்டியலோடு அட்டவணை இணைத்தோம்.

பாதுகாப்புப் பயிற்சி, கூண்டுகள், மயக்க மருந்து எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன.

அப்புறம் வைரஸ். வேறொரு லேப் வளர்த்து அனுப்பிய வைரஸ் ஸ்டாக்கின் தாளில் டைட்டரும் (வைரஸின் செறிவு) தேதியும் மட்டுமே இருந்தன. எந்தச் செல்லில் வளர்த்தது, எத்தனை பாசேஜ் (புதுச் செல்லுக்கு மாற்றி மாற்றி எத்தனை முறை வளர்த்தது) என்று கேட்டோம். "தரமான ஸ்டாக்தான்" என்று ஒரே வரியில் பதில். நம்பிச் செலுத்தினோம். ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட இளைக்கவே இல்லை, நுரையீரலில் வைரஸும் சொற்பம். மயக்கம் போதவில்லையோ, மருந்தளவு வயிற்றுக்குள் போய்விட்டதோ என்று எங்கள் கைகளையே சந்தேகித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

கடைசியில் மரபணு வரிசையைப் படிக்க ஸ்டாக்கையே சீக்வென்சிங்குக்கு அனுப்பியபோதுதான் விடை கிடைத்தது. வைரஸின் மேலுள்ள ஸ்பைக் புரதத்தில், ஃபியூரின் என்ற நொதி வெட்டும் இடம் பெரும்பாலான பிரதிகளில் காணோம். லேபில் வைரஸ் வளர்க்கப் பயன்படும் வீரோ இ6 என்ற குரங்குச் செல்லில், வைரஸ் நுழைய உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதி போதுமான அளவு கிடையாது. அந்தச் செல்லில் திரும்பத் திரும்ப வளர்த்தால், அந்த வெட்டிடத்தை இழந்த வைரஸ்தான் முந்திக்கொண்டு பெருகும். குடுவையில் அது நன்றாக வளரும், ஹாம்ஸ்டரில் நோய் வலுவிழந்துவிடும். ஒரு வரி தகவல் தந்திருந்தால் அத்தனை உயிர்களும் தப்பியிருக்கும். இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

குறைந்த பாசேஜ் ஸ்டாக் ஒன்றை வாங்கி, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 புகுத்திய வீரோ செல்லில் வளர்த்து, முழு வரிசையையும் படித்த பிறகே அடுத்த தொகுதியைத் தொட்டோம். எடை வளைவு எதிர்பார்த்தபடியே இறங்கி ஏறியது. நுரையீரல் வெட்டுகளில் நிமோனியா தெளிவாகத் தெரிந்தது. அன்று லேபே கொண்டாடியது.

பாசேஜ் விவரமும் சீக்வென்ஸும் இல்லாத ஸ்டாக்கை வாங்கவே வாங்காதீர்கள். தந்தாலும், நீங்கள் வளர்த்த பிறகு இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று: எலிக்குக் கிடைப்பதுபோல ஹாம்ஸ்டர் நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்தறியும் ஆன்டிபாடிகள் அதிகம் கிடைக்காது. அதனால் அவற்றுக்குப் பதிலாக ஆர்என்ஏ அளவீடும் திசுப் பரிசோதனையும் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். பின்னால் சேர்க்கப் போனால் திருத்த விண்ணப்பம், மறுபடியும் அதே இரண்டு குழுக்கள்.