பதிமூன்றுக்கு அடுத்தது ஒன்று

சிறுவர் ஷூவில் 13-க்கு அடுத்த சைஸ் 14 இல்லை, 1. ஏழெட்டு வயதுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதக் கூட்டத்தில் சேலம் கடைவீதிக்குள் நுழைகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். போன வருஷம் 13 போட்ட பிள்ளைக்குக் கடைக்காரர் ‘1’ என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் அவர் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். பிரிட்டிஷ் அளவு 4 அங்குலத்தில் தொடங்கி, சைஸுக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஏறும். 13 முடிந்ததும் பெரியவர்களுக்கான எண்கள் 1-லிருந்து ஆரம்பிக்கும். அதே டப்பாவில் 32, 33 என்று இருப்பது ஐரோப்பிய எண். அதில் ஒரு படி 6.7 மி.மீ. மட்டுமே.

இத்தனை கணக்கு இருந்தும் ஒரு கம்பெனியின் 13-ம் இன்னொன்றின் 13-ம் ஒன்றாக இருப்பதில்லை. எண்ணை விட்டுவிட்டு மி.மீட்டரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே அளந்துவிடலாம். சாயங்காலம் அளக்க வேண்டும், பகலெல்லாம் ஓடியாடிய கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸை மாட்டி, சுவரோரம் காகிதம் போட்டு, குதிகால் சுவரில் முட்ட இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் விரியாது. நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். அது கட்டை விரலாகத்தான் இருக்கும் என்பதில்லை, சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். பென்சில் நேராக நிற்கட்டும். உள்பக்கம் சாய்ந்தால் மூன்று, நான்கு மி.மீ. போய்விடும். இரண்டு காலையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். ஒரு செ.மீ. அகலத்தில், பாத நீளத்தோடு 12 மி.மீ. கூட்டி ஒரு பட்டை வெட்டுங்கள். பாதம் 200 என்றால் பட்டை 212. கடையில் அதை ஷூவுக்குள் தட்டையாக விட்டுப் பாருங்கள். முன்னால் முட்டி வளைந்தால் ஷூ சின்னது. முன்னும் பின்னும் அரை செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் பெரியது. ஷூ நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் அவ்வளவாக உதவாது, அழுத்தியதும் பிள்ளை விரலை உள்ளே மடக்கிக்கொள்ளும். ‘கடிக்குதா கண்ணு?’ என்று கேட்பதும் அப்படித்தான். பூ வைத்த ஷூ மனசுக்குப் பிடித்துவிட்டால் எந்தப் பாப்பாவும் கடிக்கிறது என்று சொல்லாது.

‘வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துடுங்க’ என்பார்கள். எடுக்காதீர்கள். இரண்டு சைஸ் என்றால் 17 மி.மீ. கூடுதல். நுனியில் பஞ்சு அடைத்தாலும் ஷூ மடியும் இடம் விரல் மடியும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். நடக்கும்போது குதிகால் தூக்கும், பின்னால் கொப்புளம் வரும், மாடிப்படியில் தடுக்கும். அந்த 12 மி.மீ.தான் வளர்ச்சிக்கான இடம். ஆறிலிருந்து பத்து வயதுவரை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சைஸ் வளரும். காலாண்டு விடுமுறையில் ஒரு தடவை, அரையாண்டில் ஒரு தடவை மறுபடி அளங்கள். இடைவெளி 5 மி.மீ.க்குக் கீழே போனால் முழுப் பரீட்சை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்குப் பாதம் வளரும் வேகம் சீக்கிரமே வந்துவிடும். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. பெண்களின் பாத வளர்ச்சி சராசரியாக 11 வயதிலும், ஆண்களுக்கு 15, 16 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது என்று தெரிந்தது. நம் பாதம் மேல்நாட்டவர் பாதத்தைவிட அகலம் என்பதும் அதில் வெளிப்பட்டது. எனவே ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு ஆடித் தள்ளுபடியில் அடுத்த வருஷ ஷூவை வாங்கி வைப்பது வீண் செலவு. அளவும் தெரியாது, பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் என்றால் பரணில் கிடந்தே ஈரக்காற்றில் உதிர்ந்துவிடவும் கூடும்.

அடுத்த தொல்லை பெல்ட் ஷூ. மேல்பக்கம் திறந்து கிடக்கும் இந்த ஷூவில் பாதத்தைப் பிடிப்பது அந்த ஒரே பட்டைதான். அது தளர்ந்தால் பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் நசுங்கும். அதைத் தவிர்க்க இறுக்கமாக வாங்கினால் நகச்சுத்தி. பட்டையில் இன்னொரு ஓட்டை வேண்டுமென்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. பள்ளி அனுமதித்தால் லேஸ் ஷூவோ ஒட்டுப்பட்டை ஷூவோ எடுங்கள். அகலப் பாதத்துக்கு பாய்ஸ் வரிசையில் தேடினாலும் தப்பில்லை, கறுப்பு ஷூவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

சேலத்துப் பிள்ளை என்றால் கொலுசும் கணக்கில் வரும். சாக்ஸுக்குள் போன கொலுசின் கொக்கி தோலை உரசும், சாக்ஸ் நூலையும் இழுக்கும். சாக்ஸுக்கு மேலே தள்ளிவிடுங்கள். கணுக்காலை மூடும் ஷூ என்றால் கழற்றி வைப்பதே மேல். சின்னதாகிப்போன சாக்ஸும் விரலை மடக்கும், அதையும் மாற்றுங்கள்.

அக்காவின் ஷூ தங்கைக்கு? அடியில் குதிகால் பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலோ, உள்சோலில் விரல் பள்ளம் பதிந்திருந்தாலோ கொடுக்காதீர்கள். அந்த நடைக்கு அது பழகிவிட்டது. கல்யாணத்துக்கு நாலு தடவை போட்ட ஷூ தாராளமாகப் போகும்.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஜோடி போதாது. மழை மாதங்களில் மலையில் நனைந்த ஷூ ஒரே ராத்திரியில் காயாது. உள்சோலைக் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். அடுப்பு ஓரத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். ஈரப் பாதையில் பி.வி.சி. சோல் வழுக்கும், ஆழமான வரியுள்ள ரப்பர் சோலாகப் பாருங்கள்.