பூங்காவில் ஒரு லோன் பைன் நட அனுமதி வாங்கிய கதை

மெல்பர்னில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் போர் நினைவாக ஒரு லோன் பைன் மரம் நடலாம் என்று சில குடும்பங்கள் சேர்ந்து கவுன்சிலில் விண்ணப்பித்தோம். அதிகாரி கேட்ட முதல் கேள்வி: எந்த பைன்?

நியாயமான கேள்விதான். அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், துருக்கியின் கலிப்பொலியில் ஆஸ்திரேலியருக்கும் துருக்கியருக்கும் லோன் பைன் சண்டை நடந்தபோது, துருக்கியர் தங்கள் பதுங்குகுழிகளைப் பைன் மரங்களால் மூடியிருந்தார்கள். அங்கே கிடைத்த பைன் காயை பெஞ்சமின் ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய வீரர், நியூ சவுத் வேல்ஸின் இன்வரெல் ஊரில் இருந்த தன் அம்மாவுக்கு அனுப்பினார். அவருடைய சகோதரர் செத்ததும் அதே சண்டையில்தான். அந்த அம்மா விதைகளைப் பத்திரமாக வைத்திருந்து 1928இல்தான் விதைத்தார். எனக்கு இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. அதில் வளர்ந்த ஒரு மரம் கான்பரா போர் நினைவகத்தில் நிற்கிறது. அது அலெப்போ பைன். கீத் மக்டவல் என்ற இன்னொரு வீரர் கொண்டுவந்த காயிலிருந்து அவருடைய உறவினர் எம்மா கிரே வளர்த்ததோ துருக்கி பைன். 1933இல் மெல்பர்ன் வாட்டில் பார்க்கில் நட்டது அந்த வழியில் வந்த மரம்.

அலெப்போ பைன் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் களையாக அறிவிக்கப்பட்டது. எங்கள் பூங்காவை ஒட்டி ஓடையும் புதர்க்காடும் இருக்கின்றன. அதனால் துருக்கி பைன்தான் என்று முடிவு செய்தோம். இடத்தையும் புல்தரைக்கு நடுவே மாற்றிக் கேட்டோம். விதை விழுந்து முளைத்தாலும் புல்வெட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் வகை, இடம் பற்றி மறுப்பு வரவில்லை.

குழி தோண்டும் முன் பார்க்க நிலத்தடிக் குழாய், கேபிள் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. மண்தான் சிக்கல். களிமண். சோதனைக்குத் தோண்டிய குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. பைனுக்கு வேரில் ஈரம் தேங்கக் கூடாது. ஆகவே மேடு கட்டி நட்டோம். தொட்டியைக் கிழித்தபோது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தது. விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டுத்தான் மண்ணில் வைத்தோம்.

பெயர்ப் பலகைக்குத் தனி விண்ணப்பம். மரத்தைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள். பலகையில் நன்கொடையாளர் பெயர் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. போரில் உயிர்விட்டவர்கள் பெயர் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும்.

மெல்பர்ன் போர் நினைவாலயத்தில் இருந்த துருக்கி பைனைப் பூஞ்சை நோயால் 2012இல் வெட்டினார்கள். அதனால் மரம் பட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று அனுமதி தரும் முன் எங்களிடமும் கேட்டார்கள். அதே வழியில் வந்த இன்னொரு கன்றை ஒரு வீட்டுத் தொட்டியில் வளர்ப்போம், முதல் இரண்டு கோடைக்கும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளைச் சேர்த்த பிறகுதான் அனுமதி வந்தது.